பெட்டியைக் காட்டில் ஒளிக்க வேண்டாம், கடையில் வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜியோகேச்சிங் எனப்படும் தேடல் விளையாட்டை நீலகிரி மாவட்டத்தில் எங்கெங்கே ஆடலாம், எங்கெங்கே ஆடவே கூடாது என்பதை மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து எழுத்தில் வரையறுத்து அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரில் பாட்டனார் காலத்திலிருந்து நடந்துவரும் பலசரக்குக் கடை எங்களுடையது. கைப்பேசியைக் கையில் பிடித்தபடி வழி கேட்டு வருவோரிடம் பேசிப் பேசியே இந்த விளையாட்டைப் பற்றி அறிந்துகொண்டேன். அது கெட்ட விளையாட்டு அன்று. இடம் பார்த்து ஆட வேண்டிய விளையாட்டு. அந்த இடத்தைத்தான் இங்கே யாரும் பார்ப்பதில்லை.

அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் சிறு பெட்டியொன்றை, உள்ளே ஒரு குறிப்பேட்டுடன், ஓரிடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு அதைத் தேடிக் கண்டுபிடித்து, குறிப்பேட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். உள்ளிருக்கும் சிறு பொருள் எதையாவது எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடான அல்லது கூடுதல் மதிப்புள்ள இன்னொன்றை வைத்துவிட்டு வருவது மரபு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854ஆம் ஆண்டு முதலே நடைப்பயணம் செல்வோர் ஒரு புட்டியில் தங்கள் பெயர் அட்டையைப் போட்டுவிட்டு வந்தார்கள் என்பதால், விளையாட்டின் வேர் பழையது. ஆனால் அது இன்றைய வடிவத்தை எடுத்தது 2000ஆம் ஆண்டில்தான். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை 100 மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கருவிகள் அதன் பிறகு 20 மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கின. அதைச் சோதித்துப் பார்ப்பதற்காக, மே 3ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரமாக வைத்து எண்களை வெளியிட்டார். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இப்படி வைக்கப்பட்டிருக்கின்றன.

அந்த முதல் வாளியில் இருந்த பொருள்களுள் ஒன்று பீன்ஸ் அடைத்த டின். அமெரிக்கக் காட்டில் அது வேடிக்கையாக இருந்திருக்கலாம், கோத்தகிரியில் அப்படியிராது. எண்ணெய் வாசனைக்காகக் கோயில் கதவையும் கடைக் கதவையும் பெயர்த்துக்கொண்டு வரும் கரடிகளோடு நாங்கள் குடியிருக்கிறோம். தின்பண்டம் வைக்கக் கூடாது என்று விளையாட்டின் விதிகளே பின்னாளில் தடுத்துவிட்டன. அதுபோலவே, மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும், எந்தக் கட்டுமானத்துக்கும் சேதம் உண்டாக்கக் கூடாது, ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. ஆகவே, ஆடுவோர் தங்கள் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினாலே நாம் அஞ்ச வேண்டியதில் பாதி குறைந்துவிடும். பின்பற்றாதவர்களைக் கேட்பதற்கு இங்கே ஆளில்லை என்பதுதான் சிக்கல்.

எங்கள் பகுதியில் பழைய கட்டடம் ஒன்றின் சுற்றுச்சுவரில் யாரோ ஒரு சிறு டப்பாவைச் செருகி வைத்திருந்தார்கள். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர் அது. பெரிய கற்களுக்கு இடையே முட்டுக் கொடுக்கும் சிறு கற்களே அத்தகைய சுவருக்கு உயிர் என்பது கொத்தனாருக்குத் தெரியும். டப்பாவைத் தேடி வந்தவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கல்லாக உருவிப் பார்த்து, பார்த்ததைத் திரும்பச் சரியாகச் செருகாமல் விட்டதில், அடுத்த மழைக்கு ஒரு முழம் சுவர் சரிந்து ஓடைக்குள் கிடந்தது. வைத்தவர் யாரென்று தெரியாது. எடுத்தவர்கள் யாரென்றும் தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரியும் கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் ஒரு கல்லை அசைப்பது சிறு செயலன்று என்பதை 2009 நவம்பர் மண்சரிவுகளைக் கண்ட எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கருவி எவ்வளவு துல்லியமாகக் காட்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெட்டவெளியில் கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். சோலை மரங்கள் அடர்ந்து மூடிய இடத்திலும், இருபுறமும் செங்குத்தான பள்ளத்தாக்கிலும் செயற்கைக்கோள் சமிக்ஞை தடைப்பட்டும் சிதறியும் வருவதால் பிழை பெருகும். பிழை 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தேட வேண்டிய வட்டத்தின் பரப்பு 300 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. அத்தனை இடத்திலும் இலைச்சருகைக் கிளறி, பாசி படிந்த கட்டைகளைப் புரட்டி, முளைத்து வரும் கன்றுகளை மிதித்துத்தான் ஒருவர் பெட்டியை எடுக்க முடியும். அடுத்த வாரம் இன்னொருவர் வந்து அதையே செய்வார். சோலைக்காடு ஒருமுறை குலைந்தால் எளிதில் மீண்டு வருவதில்லை. 1986இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலை இது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம் என்றிருக்க, அங்கே பெட்டி வைப்பதைப் பற்றி விவாதிக்க எதுவுமில்லை.

காட்டை விடவும் எனக்குக் கவலை தருவது, காவலற்றுக் கிடக்கும் தொல்லிடங்கள்தாம். நீலகிரியின் கற்குவைகளையும் ஈமக்குழிகளையும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் பலர் தோண்டினார்கள். மாவட்டத்தின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் தோண்டியெடுத்து எழுதிய நூல் 1873இல் வெளிவந்தது. விலங்குருவங்கள் அமர்ந்த மூடிகளோடு கூடிய நம் மலையின் ஈமத்தாழிகளைப் பார்க்க இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கோ சென்னை எழும்பூருக்கோ போக வேண்டியிருக்கிறது. அவர்களாவது எழுதி வைத்துவிட்டுத் தோண்டினார்கள். பொன் கிடைக்கும் என்று நம்பி இரவில் கடப்பாரையோடு வருவோர் எதையும் எழுதி வைப்பதில்லை. பழனி மலையில் தாண்டிக்குடி சுற்றுவட்டாரத்துக் கல்திட்டைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. இத்தகைய இடத்தின் எண்களை மூன்று தசம இலக்கத் துல்லியத்தோடு இணையத்தில் வெளியிடுவது, தேடி விளையாட வருபவருக்கு மட்டும் வழிகாட்டுவதாகாது. கரிக்கியூர் பொரிவரையின் பாறை ஓவியங்கள் மேல், மலையேற வந்தவர்கள் தங்கள் பெயர்களைக் கிறுக்கிவிட்டுப் போன செய்தியை நாம் படித்திருக்கிறோம். அங்கே வழி தெரிந்துபோனதன் விளைவு அது.

வழிபாட்டிடங்களைப் பற்றியும் ஒரு சொல். முத்தநாடு மந்து என்னும் தோடர் குடியிருப்பில் அவர்களின் கூம்பு வடிவக் கோயில் இருக்கிறது. அதன் எல்லைக்குள் யார் போகலாம், எப்போது போகலாம் என்பதற்கு அவர்களுக்கென்று கட்டுப்பாடுகள் உள்ளன. கோத்தர்களின் ஊர்களான கோக்கால்களிலும், ஹெத்தையம்மன் திருவிழா நடக்கும் பேரகணி போன்ற படகர் ஊர்களிலும் செருப்போடு மிதிக்கக் கூடாத நிலம் எது என்பது வெளியூர்க்காரரின் கண்ணுக்குப் புல்தரையாகவே தெரியும். கருவியில் அந்தக் கோடு தெரியாது. அவ்வூர்ப் பெரியவர்களே விரும்பி அழைத்தாலொழிய, அங்கே பெட்டியும் வேண்டாம், எண்களும் வேண்டாம்.

இவ்வளவு தூரம் மறுத்துவிட்டு, பிறகு எங்கேதான் வைப்பது என்று கேட்டால், என் விடை கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் தொடங்குகிறது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து முதலில் தங்கியது கோத்தகிரிப் பக்கத்துத் திம்பட்டிப் பகுதியில்தான். ஊட்டியில், இன்றைய அரசு கலைக்கல்லூரி வளாகத்தில் உள்ள ஸ்டோன் ஹவுஸ் எழும்புவதற்கு முன்பே அவருடைய பங்களா இங்கே இருந்தது. நெடுங்காலம் கூரையிழந்து சுவர் சரிந்து கிடந்த அக்கட்டடம் பிற்காலத்தில் சீரமைக்கப்பட்டு, இன்று சல்லிவன் நினைவகமாக நிற்கிறது. உள்ளே மலையின் பழைய படங்களும் ஆவணங்களும் இருக்கின்றன. ஊட்டி ஏரியில் படகு விடுபவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஏரியை வெட்டியவரின் முதல் வீடு இங்கே இருப்பது தெரியும்? பெயர்ப் பலகை வைத்தும், துண்டறிக்கை அடித்தும் வராத கூட்டத்தில் ஒரு பகுதியை, இந்த விளையாட்டு வரவழைக்கும் என்றே நம்புகிறேன். தேடி வந்தவர் கட்டடத்தைப் பார்க்காமல் போக முடியாதபடி அமைத்தால் போதும்.

அதற்குப் பெட்டியே தேவையில்லை என்பதுதான் நயம். பெட்டி வைக்க முடியாத இடங்களில், அங்கே போனால் மட்டுமே விடை தெரியக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டு விடையைப் பதிவாகக் கொள்ளும் வகையும் இந்த விளையாட்டில் உண்டு. நினைவகத்துக்குள் ஒரு படத்தின் கீழுள்ள ஆண்டு எது என்று கேட்கலாம். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தில், சல்லிவனின் மனைவி ஹென்ரியேட்டாவின் கல்லறையில் பொறித்த எழுத்துகளிலிருந்து ஒன்றைக் கேட்கலாம். அதைத் தேடிப் போகிறவர், திப்புவின் சீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்து அத்தேவாலயத்தில் பொருத்திய உத்தரங்களை அண்ணாந்து பார்க்காமலா திரும்புவார்? ஒரு கல்லும் அசையாது.

பெட்டி என்று ஒன்று இருந்தால்தான் ஆட்டம் சுவைக்கும் என்போர்க்கு, பெட்டியை எங்களைப் போன்ற பழைய கடைகளில் வையுங்கள் என்கிறேன். மேலை நாடுகளில் மீட்டெடுத்த பழைய ஊர்கள் பல உள்ளன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1946இல் திறக்கப்பட்ட ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜில், வெர்மான்ட் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய ஏசா நைட் என்பவரின் கடை, அக்காலச் சரக்குகளோடு காட்சிக்கு இருக்கிறது. நம்மூரிலும், முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அவை போற்றத்தக்க பணிகள். ஆனால் அங்கே கடைக்காரராக நிற்பவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் கடையில் எவருக்கும் பற்றுக்கணக்கு இல்லை. எங்கள் கடைகளில் தராசும் படிக்கல்லும் உழக்கும் இன்னும் இருக்கின்றன. அவற்றோடு மனிதரும் இருக்கிறார்கள். தேயிலை பறித்துவிட்டு வரும் அக்கா அரைக் கிலோ ராகி மாவும் கால் லிட்டர் எண்ணெயும் வாங்கிக்கொண்டு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார். இதைப் பார்க்க நுழைவுச்சீட்டு கிடையாது.

எப்படி ஆடலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னால் ஆடுவோர்க்கே பிடித்துப்போகும். பெட்டி இருக்கும் இடத்தின் எண்களை முழுமையாகத் தராமல், கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் புதிராக விட்டு வைப்பது இவ்விளையாட்டில் வழக்கம். அந்த இலக்கங்களைக் கடையிலிருந்து கண்டுபிடிக்கச் செய்யலாம். ஒரு மரக்காலுக்கு எத்தனை ஆழாக்கு? கடையின் மேல் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அளவைகளை இறக்கிப் பார்த்தால், 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என்று கணக்கு 64இல் வந்து நிற்கும். ஒரு வீசைக்கு எத்தனை பலம் என்றால் 40. மெட்ரிக் அளவைக்கு வழிவிட்ட 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிறந்த எவரும் இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு எங்களைப் போல் ஒருவர் கல்லாவில் இருக்க வேண்டும். ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கை நிமிடம் என்பார்கள்; அந்தக் கடைசி மூன்று இலக்கங்கள் நிமிடத்தின் ஆயிரத்தில் பங்குகளைக் குறிப்பவை. அட்சரேகையில் அப்படி ஒரு பங்கு தரையில் ஏறத்தாழ 1.85 மீட்டர் ஆகும். உரியைக் கணக்கில் விட்டுவிட்டு 64க்குப் பதில் 32 என்று எழுதிக்கொண்டவர், 60 மீட்டர் தள்ளி, அடுத்தவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு முன்னால் நிற்பார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கடைக்குத் திருப்பி அனுப்புவார் என்று உறுதி சொல்ல முடியாது. முன்கூட்டியே சொல்லி வைத்தால் அனுப்புவார்.

கடையில் பெட்டி வைத்தால் உமக்கு வியாபாரம் நடக்கும், அதனால் சொல்கிறீர் என்று யாரேனும் கேட்கக்கூடும். நடக்கட்டும். மாதம் ஒருமுறை நகரத்து அங்காடிக்குப் போய் மொத்தமாக வாங்கி வருகிற பழக்கம் எங்கள் ஊர்களுக்கும் வந்துவிட்ட பிறகு, பழைய கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்குகின்றன. தேநீரும் வர்க்கியும் நாலு பேருக்குக் கூடுதலாக விற்றால் ஒரு கடை இன்னும் சில ஆண்டு திறந்திருக்கும். அதில் மறைக்க எதுவுமில்லை. கடைக்காரருக்குக் கிடைக்கும் பயனே பெட்டிக்குக் காவலும் ஆகிறது. பெட்டி காணாமற்போனாலும், குறிப்பேடு நிரம்பினாலும், மழையில் நனைந்தாலும் அன்றே தெரிந்துவிடும். காட்டுக்குள் வைத்த பெட்டிக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. ஆடுவதை விட்டுவிட்டு ஊர் மாறிப் போனவரின் பெட்டி அங்கேயே கிடந்து மட்கும், பிளாஸ்டிக்காக இருந்தால் மட்கவும் செய்யாது.

பிளாஸ்டிக் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ப் புட்டியைக்கூடச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்ளும் மாவட்டத்தில், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களை மரப்பொந்தில் செருகுவது எந்த நியாயத்தில் சேரும்? எவர்சில்வர் சம்படம் போதும். எங்கள் மூடுபனியில் தகரம் துருவேறும்; காகிதம் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும்; பேனா மை கசிந்து எழுத்து அழியும். குறிப்பேட்டோடு ஒரு பென்சிலைக் கட்டிவிடுவதே நல்லது.

வாகன நெரிசல் பற்றிய ஐயம் நியாயமானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இந்த விளையாட்டால் அந்த எண்ணிக்கை குறையாது, கூடவும் செய்யாது. வந்த வாகனங்கள் அனைத்தும் தாவரவியல் பூங்கா வாசலிலும் படகு இல்லத்திலும் நெரிவதற்குப் பதிலாக, சில குடும்பங்கள் கோத்தகிரியில் இறங்கி நடக்கும் என்பதே நான் எதிர்பார்ப்பது. எங்கள் சந்துகளில் கார் நுழையாது என்பதால், பெட்டியின் விவரக் குறிப்பிலேயே பேருந்து எண்ணையும் எழுதிவிட வேண்டும்.

பாதுகாப்பு ஐயமும் உண்டு. உரிமையாளர் பெயரில்லாத பெட்டி பாலத்தடியில் கிடந்தால் காவல்துறைக்குத் தகவல் சொல்வதுதான் பொறுப்புள்ள எவரும் செய்ய வேண்டியது. வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையின் சுற்றுப்புறம், 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மலை ரயிலின் தண்டவாளமும் பாலங்களும் குகைகளும் ஆகியவற்றை எவ்வித விலக்குமின்றித் தவிர்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவோர், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை உரிமமின்றி இந்நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதையும் அறிவிப்பில் சேர்ப்பது அவர்களுக்கே நல்லது. விளையாட வந்தவர் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நிலை ஏற்பட வேண்டாம். சாதாரணக் கைப்பேசியே இதற்குப் போதுமானது.

ஆகவே, அறிவிப்பில் இடம்பெற வேண்டியவை எனக்குத் தெரிந்தவரை இவை. காப்புக்காடு, தொல்லிடம், பழங்குடி மக்களின் வழிபாட்டிடம், ராணுவ மற்றும் ரயில்வே நிலம் ஆகியவற்றில் பெட்டி வைப்பதும் எண்களை வெளியிடுவதும் கூடாது. மற்ற இடங்களில், கட்டடத்துக்கோ கடைக்கோ உரியவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும், ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு தகவலும் வேண்டும். பெட்டியின் மேல் இது என்ன, யார் பொறுப்பு என்பது தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்க வேண்டும். கடை மூடியிருக்கும் நேரத்தில் தேடக் கூடாது. மாலை 6 மணிக்கு மேல் காட்டெருமையும் சிறுத்தையும் நடமாடும் ஊர்களில் இதைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். சுற்றுலாத் துறை விரும்பினால், கன்னேரிமுக்கு நினைவகத்தையும் அதைச் சுற்றியுள்ள பழைய கடைகளையும் இணைத்து ஒரு தேடல் வழித்தடத்தைச் சோதனையாக அமைக்கலாம். இடம் தர ஒப்புக்கொள்ளும் கடைக்காரர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள்.

மே மாத மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வருவதற்கு முன்பே இவ்வறிவிப்பு வெளியாக வேண்டும். இதற்குள் காட்டிலும் கல்திட்டைகளிலும் பெட்டி வைத்துவிட்டவர்கள் தாங்களே வந்து எடுத்துப்போக ஒரு மாத அவகாசம் கொடுத்து, இணையப் பட்டியலிலிருந்தும் அந்த எண்களை நீக்கச் செய்ய வேண்டும். எடுத்த பெட்டிகளை என்ன செய்வது என்று தெரியாதவர்கள், எங்கள் பகுதிக் கடைகளில் எதிலாவது கொடுத்துவிட்டுப் போகலாம்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.